கிரேக்கத்தில் அவள் நிறையப் பேசுகிறாள்

என் வீட்டுக்காரர் என்னை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கல்யாணமான புதிதில் "இந்தா" என்பார், அல்லது தொண்டையைக் கனைப்பார். மகன் பிறந்து ஞானஸ்நானத்தில் பெயர் வைத்த பிறகு அந்தக் கஷ்டம் தீர்ந்தது. சட்டைப் பொத்தான் அறுந்தாலும், வாசலில் ஆள் வந்து நின்றாலும் மகன் பெயரைச் சொல்லித்தான் சத்தம் கொடுப்பார். அவன் தொட்டிலில் கிடந்த காலத்திலும், பிற்பாடு கடலூருக்குக் கல்லூரிக்குப் போயிருந்த பகல் வேளைகளிலும் அந்தப் பெயர் வீட்டுக்குள் கேட்கும். நான் அடுப்பைத் தணித்துவிட்டு "என்னங்க" என்று எட்டிப் பார்ப்பேன். நெய்வேலி டவுன்ஷிப்பில் பிளாக்கை வட்டம் என்போம், எங்கள் வட்டத்தில் பாதிக் குவார்ட்டர்ஸில் இதே வழக்கம்தான், யாருக்கும் அது விசித்திரமாகத் தெரியாது.

மகன் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. குள்ளஞ்சாவடி தாண்டி, மழை பெய்து ஓய்ந்த சாலையில், அவன் ஓட்டி வந்த பைக் சறுக்கிவிட்டது. யார் மேலும் தப்பில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அப்படிச் சொன்னால் எங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தார்கள் போல. அன்றிலிருந்து அவர் அந்தப் பெயரை வீட்டில் எடுக்கவில்லை. அதனால் என்னையும் கூப்பிடவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் நான் இருக்கிற அறைக்கே வந்து நின்று, சுவரைப் பார்த்து, "காப்பி இருக்கா" என்று கேட்பார். நான் கொடுப்பேன். கூப்பிட ஒரு பெயர் இல்லாமல் ஒரு வீட்டில் இரண்டு பேர் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருக்கலாம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

எனக்கு என்ன ஆனது என்று கேட்டால் ஒன்றும் ஆகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். பல் பிடுங்க ஊசி போட்டதும் கன்னம் தடித்துப் போகுமே, தொட்டால் யார் கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்குமே, அந்த நிலையில் சமைத்தேன், துவைத்தேன், கொடியில் அனல் மின் நிலையத்துச் சாம்பல் படிந்த துணியை மறுபடி அலசினேன். மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டேன். அந்த வயசுப் பிள்ளைகளைப் பார்த்தால் அழுகை வருகிறது, அதனால் விட்டேன் என்று சகஆசிரியைகள் பேசிக்கொண்டார்கள். அழுகை வரவே இல்லை, அதுதான் காரணம். ஒரு பையன் எழுந்து நின்று சந்தேகம் கேட்டான். இவனும் ஒரு வீட்டுப் பிள்ளை என்று எனக்குள் சொல்லிப் பார்த்தேன். பெஞ்சைப் பார்ப்பது போலத்தான் இருந்தது. அப்படிப்பட்டவள் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கக் கூடாது என்று தோன்றியது.

அவர் கதை வேறு. கல்லறையில் மண் போடும்போது அவர் யோபு சொன்னதைச் சொன்னார். கொடுத்தவர் எடுத்துக்கொண்டார் என்று வருமே, அது. குரல் கொஞ்சமும் பிசிறவில்லை. அவர் எங்கள் சபையின் மூப்பர்களில் ஒருவர், வேதம் வாசித்து வாசித்துப் பழகிய குரல். அன்றைக்கு வந்திருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். மறு வாரமே அவரை யோபு ஐயா என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால், அப்புறம் முகத்துக்கு நேராகவே. குறிஞ்சிப்பாடியில் ஒரு கூட்டம், வடலூரில் ஒரு உபவாச ஜெபம் என்று, ஆண்டவர் தன்னைத் தாங்கியதை மேடையில் சாட்சியாகச் சொல்லக் கூப்பிட்டார்கள். ஒன்றையும் மறுக்காமல் போனார். நானும் கூடப் போய் முன் வரிசையில் உட்கார்ந்தேன்.

யோபுவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நல்ல மனிதர். ஒரே நாளில் சொத்து போய், வீடு இடிந்து விழுந்து பத்துப் பிள்ளைகளும் செத்து, பிறகு உடம்பெல்லாம் புண் வந்து சாம்பலில் உட்கார்ந்தவர். நண்பர்கள் வந்து, நீ ஏதோ தப்பு செய்திருக்கிறாய் என்று அவரோடு நீளமாக வழக்காடுவார்கள். அவரும் விடாமல் பேசுவார். கடைசியில் கடவுளே பேசி எல்லாவற்றையும் திருப்பிக் கொடுப்பார். இதற்கு நடுவில் அவருக்கு ஒரு மனைவி. ஒரே ஒரு வசனத்தில் வருவாள். இன்னுமா உத்தமனாக இருக்கப் பார்க்கிறாய், கடவுளைச் சபித்துவிட்டுச் செத்துப் போ என்பாள். நீ புத்தி கெட்டவள் மாதிரிப் பேசுகிறாய் என்பார் அவர். அதோடு சரி. அவளுக்குப் பெயர்கூடக் கிடையாது. எங்கள் சபைகளில் ஒரு பெண்ணைத் திட்டுவதற்கு யோபு பொண்டாட்டி என்று சொன்னால் போதும், வேறு விளக்கம் வேண்டாம்.

அவருக்கு ரிட்டயர்மெண்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு எங்கே போவது என்று நாங்கள் பேசவே இல்லை. ஆனால் மீதிக் காலத்தைப் பிரசங்கத்துக்குக் கொடுக்கப் போவதாகப் போதகரிடம் சொல்லியிருந்தார். அதற்காக ஆன்லைனில் ஒரு வேதப் படிப்பில் சேர்ந்தார். சனிக்கிழமைகளில் போனை டம்ளரில் சாய்த்து வைத்துக்கொண்டு வகுப்பு கேட்பார். இரண்டாம் பருவத்தில் ஒரு வேலை கொடுத்தார்கள். பழைய ஏற்பாட்டில் ஏதாவது ஒரு புத்தகத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். யூதர்கள் எபிரெயத்தில் காத்து வைத்த மூலப் பாடம் ஒன்று. பின்னால் எகிப்துப் பக்கம் போய்க் குடியேறி, எபிரெயம் மறந்து, கிரேக்கம் பேசிய யூதர்களுக்காகச் செய்யப்பட்ட கிரேக்க மொழிபெயர்ப்பு ஒன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்து எங்கெங்கே வேறுபடுகின்றன என்று எழுத வேண்டும். மற்றவர்கள் கெட்டிக்காரத்தனமாகச் சின்னச் சின்ன புத்தகமாகப் பொறுக்கிக்கொண்டார்கள். இவர் யோபுவை எடுத்தார். வேறு எதை எடுப்பார்.

எபிரெயத்தை எப்படியோ பிடித்துக்கொண்டார். வலப் பக்கத்திலிருந்து ஓடும் எழுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே இங்கிலீஷ் அர்த்தம் போட்ட புத்தகம், அதை வைத்துத் தட்டுத் தடுமாறிப் போனார். கிரேக்கத்தில் விழுந்துவிட்டார். ஒரு சாயங்காலம் மேசையைத் துடைக்கப் போனபோது விரித்துக் கிடந்த பக்கத்தில் தீட்டாவைப் பார்த்தேன். ஆல்ஃபா, பீட்டா, சிக்மா எல்லாம் கும்பலாக இருந்தன. வருஷக்கணக்காகக் கோணத்துக்கும் கூட்டலுக்கும் நான் கரும்பலகையில் போட்ட எழுத்துகள். பள்ளிக்கூடப் பியூனைக் கல்யாண வீட்டில் பட்டு வேட்டியில் பார்த்த மாதிரி இருந்தது. வாய்விட்டுப் படித்தேன். கடவுள் என்பதற்கே அந்த மொழியில் முதல் எழுத்து தீட்டாதான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அவர் சுவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "நீ கிரேக்கத்தைப் பாரு. நான் எபிரெயம் பார்க்கறேன்" என்றார்.

இதைப் பெரிய புலமை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எனக்கும் அடியில் இங்கிலீஷ் போட்ட புத்தகம்தான், சந்தேகம் வந்தால் அகராதி. வினைச்சொல் எந்தக் காலத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு மத்தியானம் போய்விடும். ஆனால் கணக்கு வாத்தியாருக்கு இரண்டு பக்கமும் சமமா என்று பார்ப்பதுதானே பிழைப்பு. அது கைவந்தது.

வேலை செய்த விதம் அவருடையது. அவர் நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் கண்ட்ரோல் ரூமில் இருக்கிறார். ஷிஃப்ட் மாறும்போது போகிறவர் ஒவ்வொரு மீட்டராகச் சொல்ல, வருகிறவர் பார்த்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். வெறும் தலையாட்டல் செல்லாது, வாயால் சொல்ல வேண்டும். அதையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அவர் எபிரெயத்தில் ஒரு வரியைத் தமிழில் சொல்லுவார். நான் என் பக்கத்தைப் பார்த்து "இருக்கு" அல்லது "இல்லை" என்பேன். வேறு மாதிரி இருந்தால் "வேற" என்று சொல்லி எப்படி என்று படிப்பேன். அவர் குறித்துக்கொள்வார்.

முதல் இரண்டு அதிகாரங்களை விட்டுவிட்டு மூன்றாவதிலிருந்து ஆரம்பித்தோம். அந்த இரண்டில்தான் வீடு இடிகிறது, பிள்ளைகள் சாகிறார்கள். யாரும் உட்கார்ந்து முடிவெடுக்கவில்லை. அவர் புத்தகத்தைத் திறந்த இடம் மூன்றாம் அதிகாரமாக இருந்தது. "கதைப் பகுதி சுலபம், கடைசியில பாத்துக்கலாம்" என்றார். நானும் ஆமாம் என்றேன்.

காலை ஷிஃப்ட் வாரங்களில் அவர் வந்து குளித்துச் சாப்பிட்டு ஒரு குட்டித் தூக்கம் போட்ட பிறகு உட்காருவோம். கிரேக்கத்து யோபு சிறியது என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. அவர் வரி வரியாகச் சொல்லிக்கொண்டே போவார், நான் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே வருவேன். சில இடங்களில் யாரோ பிற்காலத்தில் எபிரெயத்தைப் பார்த்து, விடுபட்டதை நிரப்பி, நிரப்பிய இடத்தில் நட்சத்திரக் குறி போட்டு வைத்திருந்தார்கள். என் புத்தகத்தில் அந்தக் குறிகளும் இருந்தன. தான் எதைச் சேர்த்தோம் என்று ஒளிக்காமல் குறி போட்டு வைத்த அந்த ஆள் மேல் எனக்கு மரியாதை வந்தது.

இன்னொன்றும் கவனித்தோம். எபிரெயத்தில் யோபு கடவுளோடு சண்டை போடுகிறார். கொஞ்சநஞ்சமல்ல. கிரேக்கத்துக்கு வரும்போது அதே ஆள் மரியாதையாகப் பேச ஆரம்பித்துவிடுகிறார். காரமான இடம் வந்தால் மொழிபெயர்த்தவர் தண்ணீர் விட்டு விளாவிவிடுகிறார், அல்லது அந்த வரியையே காணோம். "இவர் நம்ம சபைக் கமிட்டியில இருந்திருப்பாரு" என்றேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் பேனாவை வைத்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். அது அவர் சிரிப்புக்குப் பக்கத்து வீடு.

சந்தோஷமாக இருந்தோம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நேரத்தில் வீட்டில் இரண்டு குரல் இருந்தது. புத்தகத்தை மூடியதும் அவர் எழுந்து டிவியைப் போடுவார். மறுபடி காப்பி இருக்கா என்று வந்து நிற்பார். இருக்கிறது என்பேன். அந்த மேசையைத் தாண்டி ஒரு சொல்லும் இந்தப் பக்கம் வரவில்லை. எனக்கு அவர் கூப்பிட வேண்டும் என்றிருந்தது, அவ்வளவுதான். அழ வேண்டும் என்றோ கட்டிக்கொள்ள வேண்டும் என்றோ இல்லை. ஒரு மனுஷியைக் கூப்பிடுகிற மாதிரி ஒரு முறை கூப்பிட்டால் போதும். அதை வாய்விட்டுக் கேட்டால் எதைக் கேட்பதாக ஆகும் என்று தெரிந்ததால் கேட்கவில்லை.

கடைசி அதிகாரத்தில் எல்லாம் திரும்பி வருகிறது. ஆடுமாடு இரண்டு மடங்கு. பிள்ளைகள் மட்டும் முன்பிருந்த அதே பத்து. முதல் பத்தும் பரலோகத்தில் உயிரோடு இருப்பதால் கூட்டினால் இரண்டு மடங்கு ஆகிவிடுகிறது என்று போதகர்கள் கணக்குச் சொல்லுவார்கள். நான் கணக்கு டீச்சர், இந்த மாதிரிக் கூட்டலுக்கு மார்க் போட்டதில்லை. புதிதாகப் பிறந்த மூன்று பெண்களுக்கும் பெயர் சொல்லியிருக்கிறது. செத்த பத்துப் பேருக்கு எபிரெயத்திலும் பெயர் இல்லை, கிரேக்கத்திலும் இல்லை. அதை அவர் வேகமாகப் படித்தார். நான் இருக்கு என்று வேகமாகச் சொன்னேன். கிரேக்கத்தின் முடிவில் மட்டும் ஒரு சின்னக் குறிப்பு அதிகப்படியாக வருகிறது. ஆண்டவர் எழுப்பப் போகிறவர்களோடு யோபுவும் மறுபடி எழுவான் என்று எழுதியிருப்பதாக. "எனக்கு அது இல்லை" என்றார் அவர். அதைக் குறித்துக்கொண்டவர், குறித்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சேத்தியாத்தோப்பில் கூட்டம். பஸ்ஸில் போனோம். சின்னச் சபை, பிளாஸ்டிக் நாற்காலி, ஆளை விழுங்குகிற ஸ்பீக்கர். அவர் வழக்கமான சாட்சியைச் சொன்னார். யோபு என்ன இழந்தார், தான் என்ன இழந்தார், இருந்தும் வாயால் பாவம் செய்யவில்லை. அதுவரைக்கும் நான் மனப்பாடமாகக் கேட்டது. அன்றைக்குப் புதிதாக ஒன்று சேர்த்தார். யோபுவுக்குக் கிடைத்த மனைவி எப்படிப்பட்டவள் என்று உங்களுக்குத் தெரியும், ஆண்டவர் எனக்கு அப்படிக் கொடுக்கவில்லை, என் மனைவி இத்தனை நாளில் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, ஒரு கேள்வி கேட்கவில்லை, வாயே திறக்கவில்லை என்றார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஸ்தோத்திரம் என்று ஒரு சத்தம் எழுந்து அடங்கியது.

கூட்டம் முடிந்து டீ கொடுக்கும்போது ஒரு அம்மா வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கழனி வேலை செய்து காய்த்த கை. "எங்க வூட்டுக்காரரு போனப்ப நான் மண்ணுல பொரண்டு அழுதுகினு கெடந்தம்மா. சாமிய கேக்காத கேள்வியெல்லாம் கேட்டேன். உன்ன மாதிரி இருக்க முடியலியே எனக்கு" என்றார். சொல்லும்போதே அந்த அம்மாவுக்குக் கண் கலங்கியிருந்தது. அந்த அம்மாவைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. அதை அப்படியே சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்காது.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம், நான் இந்தப் பக்கம். கோபம் வந்திருக்க வேண்டும், வந்திருக்கிறதா என்று எனக்குள் தேடிப் பார்த்தேன். என் மௌனத்தை அவர் விசுவாசம் என்று நினைத்திருக்கிறார். அவர் பேசுவதை நானும் அப்படியேதான் நினைத்திருந்தேன். அவருக்குள்ளும் கன்னம் மரத்துப் போயிருக்கலாம் என்று எனக்கு அதுவரை தோன்றவில்லை. தோன்றிய பிறகும் ஒன்றும் செய்யவில்லை. மந்தாரக்குப்பத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தோம்.

மறுநாள் அவர் ஷிஃப்டுக்குப் போன பிறகு நான் தனியாக இரண்டாம் அதிகாரத்தைத் திறந்தேன். முறைப்படி இருவரும் சேர்ந்துதான் பார்க்க வேண்டும். ஆனால் முந்தின நாள் அத்தனை பேர் நடுவில் அந்த மனைவியோடு சேர்த்து என்னைப் பேசிவிட்டாரே, அவள் கிரேக்கத்தில் என்ன சொல்கிறாள் என்று பார்க்கலாம் என்றுதான் திறந்தேன். ஒரு வரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பத்தி இருந்தது. நட்சத்திரக் குறி எதுவும் இல்லை, பின்னால் யாரும் நிரப்பியது இல்லை. எபிரெயத்தில் ஒரு மூச்சில் பேசி முடித்துவிட்டுப் போனவள், கிரேக்கத்தில் நிறையப் பேசுகிறாள்.

முதலில் அவள் பேசுவது வெகு காலம் போன பிறகு. எபிரெயத்தைப் படித்தால் புண் வந்த அன்றைக்கே வாயைத் திறந்துவிட்ட மாதிரி இருக்கும். கிரேக்கத்தில் அவளும் பொறுத்திருந்துதான் பேசுகிறாள். இன்னும் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள் என்று எவ்வளவு காலம் காத்துக்கொண்டிருப்பாய் என்று கேட்கிறாள். உன் நினைவே பூமியிலிருந்து போய்விட்டது என்கிறாள். நினைவு என்று அவள் சொல்வது பிள்ளைகளை. என் வயிற்று வலி, நான் பட்ட பாடு, எல்லாம் வீண் என்கிறாள். நீ புழுக்களோடு வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கிறாய், நான் கூலிக்காரி மாதிரி இடம் இடமாக, வீடு வீடாக அலைகிறேன், எப்போது பொழுது சாயும், எப்போது இந்த வலியை இறக்கி வைப்பேன் என்று பார்த்துக்கொண்டு அலைகிறேன் என்கிறாள்.

அந்த இடத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தேன். வேலையை விட்ட பிறகு நான் தினமும் சாயங்காலம் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். கடைக்கு என்று பை எடுத்துக்கொள்வேன், கடைக்குப் போகமாட்டேன். ஒரு வட்டத்திலிருந்து அடுத்த வட்டம், ஒரே மாதிரிக் கட்டிய குவார்ட்டர்ஸ், ஒரே மாதிரி கேட். எந்த வீட்டுக்குள்ளும் போவதில்லை. தெரிந்தவர்கள் கூப்பிட்டால் அவசரம் என்று சொல்லிவிட்டு நடப்பேன். வெளிச்சம் போனால் சரி, இன்றைக்கு முடிந்தது என்று திரும்பிவிடுவேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எப்போதோ செத்துப்போன ஒரு மொழிபெயர்ப்பாளர் இதை எழுதி வைத்திருக்கிறார்.

இந்தப் பேச்சு எபிரெயத்தில் இருந்து விழுந்துபோனதா, கிரேக்கத்துக்காரர் சேர்த்ததா என்று பிறகு அவருடைய சனிக்கிழமை வகுப்பில் யாரோ கேட்டார்கள். சேர்த்ததாகத்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள் என்றார் ஆசிரியர். இருக்கட்டும். கடவுளைக் கோபப்படுத்தும் வரிகளையெல்லாம் தண்ணீர் விட்டு விளாவிய ஜனங்களில் யாரோ ஒருவருக்கு, அந்த அம்மா ஒரே ஒரு வரி பேசிவிட்டு ஓரமாகப் போனது பொறுக்கவில்லை. முடிவும் மாறியிருந்தது. கிரேக்கத்தில் அவள் சபிக்கச் சொல்லவில்லை. ஆண்டவரிடம் ஏதாவது ஒரு வார்த்தை சொல், சொல்லிவிட்டுச் செத்துப் போ என்கிறாள். ஒரு வார்த்தைதான் கேட்கிறாள்.

அடுத்த வசனத்தையும் பார்த்தேன். அதுதான் யோபுவின் பதில். அவ்வளவு நீளமாகப் பேசியிருக்கிறாளே, பதிலாவது மாறியிருக்குமா என்று பார்த்தேன். மாறவில்லை. இரண்டிலும் புத்தி கெட்டவள்தான்.

அப்போதே முடிவு செய்துவிட்டேன், அந்த வசனம் வரும்போது இருக்கு என்று சொல்லிவிடுவது என்று. அவருக்குக் கிரேக்கம் தெரியாது, தாண்டிப் போய்விடுவார். நான் அந்தப் பேச்சைப் படித்துக் காட்டினால் அதற்கு அடுத்து அவர் முறை. பதிலை அவர் வாயால் படிப்பார். அதை அந்தப் பிரசங்கக் குரலில், என் முகத்துக்கு நேராக, என் வீட்டு மேசையில் நான் கேட்க வேண்டியிருக்கும். கேட்டுவிட்டால் அதற்கப்புறம் அவர் கூப்பிடுவார் என்று காத்திருக்கவும் முடியாது.

அவருடைய வார ஓய்வு நாளில் உட்கார்ந்தோம். அந்தச் சனிக்கிழமை ஒப்படைக்க வேண்டும், இனித் தள்ள முடியாது. வெயில் இறங்காத மத்தியானம். முதல் அதிகாரத்தை ஆரம்பித்தார். ஒரு ஆள் ஓடி வந்து மாடு போயிற்று என்கிறான், அவன் பேசி முடிப்பதற்குள் அடுத்தவன் வருகிறான். இருக்கு, இருக்கு என்று சொல்லி வந்தேன். பிள்ளைகள் இருந்த வீடு விழுந்ததைச் சொல்ல வருகிறவனின் வசனத்துக்கு வந்ததும் அவர் படிக்கவில்லை. வசன எண்ணை மட்டும் சொன்னார். நான் இருக்கு என்றேன். கல்லறையில் அவர் சொன்ன வசனம் வந்தது. அதற்கும் எண்தான்.

இரண்டாம் அதிகாரத்தில் மனைவி வந்தாள். ஒரே மூச்சில் அவள் வரியைப் படித்துவிட்டு என்னைப் பார்க்காமல் காத்திருந்தார்.

"இருக்கு" என்றேன். அவர் குறி போட்டார். அடுத்த வசனத்துக்கு விரலை நகர்த்தினார். அந்த விரல் நகர்ந்ததைப் பார்த்ததும் எனக்கு என்ன வந்ததோ தெரியாது. முடிவு செய்து வைத்ததெல்லாம் போயிற்று.

"இன்னும் இருக்கு" என்றேன்.

"இன்னும்னா?"

"அவ இன்னும் பேசறா."

அவர் விரலைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோனார். இப்போது நான் படித்தேன், அவர் தன் பக்கத்தைப் பார்த்துப் பதில் சொன்னார். வெகு காலம் போன பிறகு என்று படித்தேன். இல்லை என்றார். இன்னும் எவ்வளவு நாள் காத்திருப்பாய் என்பதைப் படித்தேன். இல்லை என்றார். பிள்ளைகளின் நினைவு பூமியிலிருந்து போனதைப் படித்தேன். கொஞ்சம் பொறுத்து, இல்லை என்றார். வயிற்று வலியையும் வீணாய்ப் போன பாடுகளையும் படித்தபோது என் குரல் வகுப்பில் தேற்றம் சொல்லிக் கொடுக்கும் குரலாகவே இருந்தது. அவருடைய இல்லைதான் சரியாக வெளியே வரவில்லை. வீடு வீடாக அலைந்து பொழுது சாயக் காத்திருப்பதைப் படித்தேன். அவர் தன் பக்கத்தைப் பார்க்காமல் நிமிர்ந்தார். வாசலில் ஆணியில் தொங்கிய என் பையைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"ஏதாவது ஒரு வார்த்தை சொல்லுன்றா. அதோட முடியுது" என்றேன்.

இனி அவர் முறை. எபிரெய வரிகள் வலப் பக்கத்தில் ஆரம்பிக்கும், விரல் அங்கே போய் நின்றது. அந்த வசனத்தை அவர் பார்த்துப் படிக்க வேண்டியதில்லை, எத்தனையோ மேடையில் சொன்னது. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

நானே உதவிக்குப் போனேன். "அது ரெண்டுலயும் ஒண்ணுதாங்க. வித்தியாசமில்ல. அப்படியே எழுதிடுங்க" என்றேன்.

"இத நான் படிக்கல" என்றார். விரலை எடுத்துவிட்டார்.

நான் என் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து உள்ளே போனார். பின்கட்டில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது, தண்ணீர் நிறைய நேரம் ஓடியது. நின்றது. நான் சிக்மாவும் தீட்டாவுமாகக் கிடந்த அந்தப் பத்தியை மறுபடி முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தேன், ஒரு சொல்லும் ஏறவில்லை.

உள்ளேயிருந்து எங்கள் பிள்ளையின் பெயர் கேட்டது. பிரசங்கக் குரல் இல்லை. அறைக்கு அறை கேட்கிற, கொஞ்சம் எரிச்சல் கலந்த, பழைய வீட்டுக் குரல்.

"என்னங்க" என்று சொல்லிக்கொண்டே எழுந்தேன். அது வாயில் தானாக வந்தது. பின்கட்டு வாசலில் ஈர முகத்தோடு, கையைச் சட்டையில்கூடத் துடைக்காமல் நின்றுகொண்டிருந்தார். சுவரைப் பார்க்கவில்லை.

"ஒண்ணுமில்ல" என்றார். "கூப்பிட்டுப் பாத்தேன்."